பெருவெடிப்பை ஏற்காத நார்லிகருக்கு ஏன் இத்தனை மரியாதை?

2025 மே 20 அன்று புனேயில் ஜெயந்த் விஷ்ணு நார்லிகர் தமது 86ஆவது வயதில் காலமானார். அப்போது வந்த அஞ்சலிக் குறிப்புகளில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து இருந்தன. இந்தியாவின் முதன்மையான அண்டவியல் அறிஞர்களில் ஒருவர் என்பது ஒன்று. அண்டம் ஒரு பெருவெடிப்பில் பிறந்தது என்பதைக் கடைசிவரை ஏற்காதவர் என்பது இன்னொன்று. அதே ஆண்டில் மத்திய அரசின் விஞ்ஞான் ரத்னா விருதும் மறைவுக்குப் பின் அவருக்கு அறிவிக்கப்பட்டது.

படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்புதான். பள்ளிப் பாடத்திலேயே பெருவெடிப்பு இருக்கிறது. அப்படியானால் நார்லிகர் சொன்னது தவறா? தவறென்றால் விருது எதற்கு? "அவர் சொன்னதுதான் சரி, மேல்நாட்டார் அமுக்கிவிட்டார்கள்" என்று பேசுபவர்கள் சொல்வதில் ஏதாவது இருக்கிறதா? பதில் சொல்ல, அவர் செய்த தொழில் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கோட்பாட்டு இயற்பியலாளரின் வேலை

தொலைநோக்கியைத் திருப்பி அளவெடுப்பவர்கள் ஒரு பக்கம். அந்த அளவுகள் ஏன் அப்படி வருகின்றன என்று சமன்பாடு எழுதி, இன்னும் யாரும் அளக்காத ஓர் எண்ணை முன்கூட்டியே சொல்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது கூட்டத்தைத்தான் கோட்பாட்டு இயற்பியலாளர்கள் என்கிறோம். நார்லிகர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்.

எண்ணைச் சொல்வதில்தான் ஆபத்து இருக்கிறது. அளந்து பார்த்தவர் வேறு எண்ணைக் கொண்டுவந்தால் கொள்கை விழும். எது நடந்தாலும் ஒத்துப்போகிற கொள்கைக்கு அந்த ஆபத்து கிடையாது, பயனும் கிடையாது. அதனால் "தோற்ற கொள்கை" என்பது இந்தத் துறையில் வசைச்சொல் ஆகாது. எப்படித் தோற்றது, தோற்கும் வழியில் என்ன கொடுத்துவிட்டுப் போனது என்றுதான் பார்ப்பார்கள்.

காசியிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு

நார்லிகர் பிறந்தது கோலாப்பூரில், 1938 ஜூலை 19. தந்தை விஷ்ணு வாசுதேவ நார்லிகர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலை இந்தியாவில் முதலில் கையிலெடுத்தவர்களில் ஒருவர். ஒளியை உமிழும் விண்மீனின் ஈர்ப்புப் புலத்துக்குத் தீர்வு கண்ட பி.சி. வைத்யா, காசியில் அவரோடு பணியாற்றியவர். தாய் சுமதி சமஸ்கிருதம் கற்றவர். வீட்டுச் சூழல் அப்படி.

1957இல் காசியில் பி.எஸ்சி. முடித்து கேம்பிரிட்ஜ் போனார். 1959இல் அங்கே கணிதத் தேர்வில் முதலிடம். அப்படி வருபவரை 'சீனியர் ராங்ளர்' என்பார்கள். 1899இல் அந்த இடத்தை முதன்முதலில் பிடித்த இந்தியர் ரகுநாத் பராஞ்பே. 'ராங்ளர்' என்பது அவர் பெயருக்கு முன்னொட்டாகவே ஒட்டிக்கொண்டது.

அடுத்து ஆய்வுப் படிப்பு. கோட்பாட்டு இயற்பியலில் ஒருவரின் போக்கைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நெறியாளர்தான். அவர் கையில் இருக்கும் கேள்விதான் மாணவர் கைக்கு வரும். அவருடைய எதிராளிகளும் சேர்ந்தே வருவார்கள்! நார்லிகருக்கு வாய்த்த நெறியாளர் ஃபிரெட் ஹாயில். பெருவெடிப்பை எதிர்த்தவர்களில் அவரைவிடப் பெரிய குரல் அப்போது கிடையாது.

மாறாத அண்டம்: வாதம் என்ன?

1. 1929இல் எட்வின் ஹபிள், தொலைவிலுள்ள விண்மீன் திரள்கள் நம்மைவிட்டு விலகுகின்றன என்றும், எவ்வளவு தொலைவோ அவ்வளவு வேகம் என்றும் காட்டினார். அண்டம் விரிகிறது என்று இதற்குப் பொருள்.

2. விரிவதைப் பின்னோக்கி ஓட்டினால் ஒரு காலத்தில் எல்லாம் நெருக்கமாக, கடும் வெப்பத்தோடு இருந்திருக்க வேண்டும். இந்தக் கருத்துக்கு 'பிக் பேங்' என்ற பெயரைச் சூட்டியதே ஹாயில்தான், 1949இல் பி.பி.சி. வானொலிப் பேச்சு ஒன்றில். எதிர்த்தவர் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

3. 1948இல் ஹாயில், ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்டு ஆகியோர் மாற்று வழி ஒன்றைச் சொன்னார்கள். திரள்கள் விலகி உண்டாகும் இடைவெளியில் புதுப் பொருள் தோன்றிக்கொண்டே இருந்தால், அண்டம் விரிந்தாலும் சராசரி அடர்த்தி மாறாது. ஓர் ஊரில் பிறப்பும் இறப்பும் நடந்தபடியே இருக்க, தலைக்கணக்கு மட்டும் அப்படியே இருப்பதைப் போல. இதற்கு எவ்வளவு பொருள் தேவை? ஒரு கன மீட்டர் இடத்தில் நூறு கோடி ஆண்டுக்குச் சுமார் ஒரு ஹைட்ரஜன் அணு போதும். எந்த ஆய்வுக்கூடத்திலும் பிடிபடாத அளவு.

4. இந்த அண்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை. எந்தக் காலத்தில் பார்த்தாலும் மொத்தத் தோற்றம் ஒன்றுபோல இருக்கும்.

"ஒன்றுமில்லாததிலிருந்து பொருள் வருமா" என்று உடனே கேட்கத் தோன்றும். அன்றைக்கும் கேட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வருவது ஆகாது, மொத்தமும் ஒரே கணத்தில் வந்தது மட்டும் ஆகுமா என்பது ஹாயில் தரப்பின் எதிர்க்கேள்வி. வெறும் வாய்ச்சண்டையாக விடாமல், பொருள் உண்டாவதை ஆற்றல் கணக்கு இடிக்காதபடி சமன்பாட்டில் அடக்க ஒரு புதுப் புலத்தை, அதாவது வெளியெங்கும் பரவிய ஓர் இயற்பியல் அளவை, சேர்த்தார்கள். ஆய்வு மாணவர் நார்லிகரின் உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான் போனது.

சோதிக்க வழி தருவது நான்காவது புள்ளி. வானத்தில் தொலைவைப் பார்ப்பது பழங்காலத்தைப் பார்ப்பதற்குச் சமம், ஒளி வந்துசேரக் காலம் பிடிக்கிறதல்லவா. பழைய அண்டமும் இன்றைய அண்டமும் ஒன்றுபோல இருந்தால் ஹாயில் தரப்பு தப்பும். மாறியிருந்தால் தப்பாது.

இரண்டு அடிகள்

முதல் அடி 1961இல் கேம்பிரிட்ஜுக்குள்ளிருந்தே வந்தது. மார்ட்டின் ரைல் என்ற ரேடியோ வானியலாளர் வானத்திலுள்ள ரேடியோ மூலங்களை, அதாவது ரேடியோ அலைகளை வெளியிடும் பொருள்களை, எண்ணினார். மங்கலானவை, அதாவது பெரும்பாலும் தொலைவில் உள்ளவை, மாறாத அண்டத்தில் இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருந்தன. அப்படியானால் பழைய காலத்தில் கூட்டம் அதிகம். பத்திரிகையாளர்களைக் கூட்டி இதை அறிவித்தார் ரைல். ஆய்வைத் தொடங்கி ஓராண்டுகூட ஆகாத நார்லிகர், ஹாயிலோடு சேர்ந்து பதில் கட்டுரை எழுத உட்கார்ந்தார். ரேடியோ மூலங்கள் எங்கும் சீராகப் பரவியிருப்பதாக ஏன் வைத்துக்கொள்ள வேண்டும், பெரிய பெரிய திட்டுகளாகக் கூடியிருந்தால் கணக்கு மாறும் என்பது அவர்கள் வாதம். விண்மீன் திரள்கள் பிரம்மாண்டமான கொத்துகளாகக் கூடியிருப்பது பின்னாளில் உறுதியானது. ஆனாலும் கொள்கையைக் காப்பாற்ற அது போதவில்லை.

இரண்டாவது அடி பலமானது. 1965இல் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் இருவரும் வானத்தின் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே சீராக ஒரு நுண்ணலைக் கதிர்வீச்சு வருவதை அறிவித்தார்கள். அதன் வெப்பநிலை ஏறக்குறைய 3 கெல்வின், அதாவது இருக்கக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலைக்குச் சுமார் மூன்று டிகிரி மேல். கொதித்துக்கொண்டிருந்த இளம் அண்டத்தின் மிச்சச் சூடு என்று பெருவெடிப்புத் தரப்பு இதற்கு எளிதாக விளக்கம் தந்தது. மாறாத அண்டத்தில் அப்படியொரு சூடான காலமே கிடையாது. பெரும்பாலான இயற்பியலாளர்கள் கட்சி மாறியது இதற்குப் பிறகுதான்.

1964: ஹாயில்-நார்லிகர் ஈர்ப்புக் கொள்கை

மேலே சொன்னது அண்டத்தின் வரலாறு பற்றிய கொள்கை. நார்லிகரை இந்தியாவில் ஒரே நாளில் பிரபலமாக்கியது வேறொன்று. 1964இல் ஹாயிலும் அவரும் ஒரு புது ஈர்ப்புக் கொள்கையை முன்வைத்தார்கள். செய்தியில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது இன்றும் நடக்கிறது.

ஒரு பொருளைத் தள்ளினால் அது ஏன் எதிர்ப்புக் காட்டுகிறது? இந்த எதிர்ப்பைத்தான் நிலைமம் என்கிறோம். அண்டத்தில் வேறெதுவுமே இல்லாமல் ஒற்றைத் துகள் மட்டும் இருந்தால் அதற்கு நிலைமம் இருக்குமா? இருக்காது, தொலைவிலுள்ள மற்றப் பொருள்கள்தான் அதைத் தருகின்றன என்பது இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக்கின் கருத்து. ஐன்ஸ்டைனை ஈர்த்த கருத்து, ஆனால் அவருடைய சமன்பாடுகளில் முழுமையாக வந்து அமரவில்லை. ஹாயிலும் நார்லிகரும் அதை அடித்தளமாகவே வைத்தார்கள். ஒவ்வொரு துகளின் நிறையும் அண்டத்தின் மற்ற எல்லாத் துகள்களின் பங்களிப்பால் உண்டாகிறது. துகள்கள் நிறைந்த அண்டத்தில் கணக்குப் போட்டால் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளே திரும்பக் கிடைக்கின்றன. அழகான கட்டுமானம்தான்.

அப்புறம் அந்த 1964 ஜூன் கூட்டம். லண்டன் ராயல் சொசைட்டியில் ஹாயில் இந்தக் கொள்கையை விளக்கி முடித்ததும், 22 வயது ஆய்வு மாணவர் ஒருவர் எழுந்து, நீங்கள் பேசும் அளவு முடிவிலிக்குப் போய்விடும் என்றார். அவர் ஸ்டீஃபன் ஹாக்கிங். நார்லிகர் இருந்த அதே துறையில் படித்தவர், இந்தக் கணக்குகளை முன்பே பார்த்து வேலை செய்திருந்தவர். கொள்கைப்படி ஒரு துகளின் நிறைக்குக் கடந்த காலத்திலிருந்து பாதி, எதிர்காலத்திலிருந்து பாதி என்று பங்களிப்பு வர வேண்டும். விரிந்துகொண்டே போகும் அண்டத்தில் எதிர்காலப் பங்கைக் கூட்டிக்கொண்டே போனால் அது முடிவில்லாமல் வளர்கிறது. நிறைக்கு முடிவிலி என்று விடை வந்தால் கொள்கையில் சிக்கல். ஹாக்கிங்கின் முனைவர் பட்ட ஆய்வேட்டின் முதல் அத்தியாயமே இந்த மறுப்புதான்.

இதற்கு அடுத்த ஆண்டே, 26 வயதில், நார்லிகருக்கு பத்மபூஷண் வந்தது. ஐன்ஸ்டைனைத் தாண்டிய இந்தியர் என்ற மாதிரியான பேச்சு அப்போது பலமாக இருந்தது. கொள்கை இன்னும் சோதனைக்கே போகாத நிலையில் அந்தக் கொண்டாட்டம் அவசரமானது என்றுதான் சொல்ல வேண்டும். இன்றைய குழப்பத்துக்கு விதை அங்கேயே விழுந்துவிட்டது. அவரைப் பொதுவெளி தெரிந்துகொண்டது கொள்கையின் பெயரால். அவருடைய நீடித்த வேலைகளோ வேறு இடத்தில் நடந்தன.

கடைசிவரை ஏன் மாறவில்லை?

1993இல் ஹாயில், ஜெஃப்ரி பர்பிட்ஜ், நார்லிகர் மூவரும் பழைய கொள்கையைத் திருத்தி மறுபடி கொண்டுவந்தார்கள். புது வடிவத்தில் அண்டம் மிக நீண்ட காலப்போக்கில் விரிகிறது. அதன்மேல், ஏறக்குறைய 5,000 கோடி ஆண்டுக்கு ஒரு முறை சுருங்கி விரியும் அலைவு இருக்கிறது. பொருள் எங்கும் சீராகத் தோன்றாமல், விண்மீன் திரள்களின் மையங்கள் போன்ற அடர்ந்த இடங்களில் சிறு வெடிப்புகளாகத் தோன்றுகிறது.

1965இல் அறிவிக்கப்பட்ட அந்த நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சுக்கு என்ன பதில்? அண்டத்திலுள்ள ஹீலியம் முழுவதும் விண்மீன்களுக்குள்ளேயே உண்டானது என்று வைத்து, அப்போது வெளிவந்த ஒளி அனைத்தும் வெப்பமாகிப் பரவியதாகக் கணக்கிட்டால் சுமார் 2.7 கெல்வின் வருகிறது. அளந்த மதிப்பும் 2.7தான். இது தற்செயலா என்பது அவர்கள் கேள்வி. நல்ல கேள்வி. ஆனால் விண்மீன் ஒளியை நுண்ணலையாக மாற்ற ஒரு சாதனம் வேண்டுமே. சூப்பர்நோவாக்களில், அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன்களில், வெளியாகும் மில்லிமீட்டர் அளவு இரும்பு ஊசிகள் அதைச் செய்கின்றன என்றார்கள்.

மற்றவர்கள் ஏற்காததற்குக் காரணம் இந்த இடத்தில்தான். 1989இல் ஏவப்பட்ட கோபி செயற்கைக்கோள், பின்னணிக் கதிர்வீச்சின் நிறமாலை (எந்த அலைநீளத்தில் எவ்வளவு கதிர்வீச்சு என்ற வளைவு) ஒரே வெப்பநிலையிலுள்ள பொருளின் நிறமாலையோடு அச்சு அசலாகப் பொருந்துவதைக் காட்டியது. எங்கெங்கோ சிதறிய விண்மீன்களின் ஒளி ஊசிகளில் பட்டு இத்தனை துல்லியமான வளைவைத் தருவது மிகக் கடினம். பிறகு டபிள்யூமேப், பிளாங்க் செயற்கைக்கோள்கள் அந்தக் கதிர்வீச்சின் நுண்ணிய ஏற்ற இறக்கங்களை அளந்தன. அவை பெருவெடிப்பு மாதிரி முன்கூட்டியே சொன்ன வடிவத்தில் இருந்தன. அண்டத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டு என்ற கணக்கும் இந்த அளவுகளிலிருந்துதான் வருகிறது.

ஆகவே நேரடியான பதில்: ஆம், அந்தக் கொள்கையைத் துறை ஏற்கவில்லை, அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. யாரும் அமுக்கவும் இல்லை. அவருடைய கட்டுரைகள் முன்னணி ஆய்விதழ்களில் வந்தன, 1994 முதல் 1997 வரை சர்வதேச வானியல் ஒன்றியத்தின் அண்டவியல் ஆணையத்துக்கு அவர்தான் தலைவர். அமுக்கப்பட்டவருக்கு அந்த நாற்காலி கிடைக்காது.

எதிர்ப்பால் வந்த வரவுகளையும் கணக்கில் எழுத வேண்டும். தனிமங்கள் பெருவெடிப்பில் வந்தன என்பதை ஏற்காத ஹாயில், அவை விண்மீன்களுக்குள் எப்படி உண்டாகின்றன என்று தேடினார். 1957இல் பர்பிட்ஜ் தம்பதி, வில்லியம் ஃபௌலர் ஆகியோரோடு அவர் எழுதிய கட்டுரை இன்றைக்கும் அந்தத் துறையின் அடித்தளம். இன்னொன்று: மாறாத அண்டத்தில் விரிவு முடுக்கம் அடைந்துகொண்டே போக வேண்டும். குறைகிறது என்றே பலரும் நம்பியிருந்த நிலையில், முடுக்கம்தான் நடக்கிறது என்பது 1998இல் தெரியவந்தது. அதனால் கொள்கை உயிர்பெறவில்லை, ஆனால் அந்த ஒரு புள்ளியில் அவர்கள் பக்கம் இருந்தது.

கொள்கைக்கு வெளியே: ஐயூகா

1972இல் நார்லிகர் கேம்பிரிட்ஜை விட்டு மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தார். அங்கே அவரிடம் முனைவர் பட்டம் பெற்றவர்களில் ஒருவர் திருவனந்தபுரத்துக்காரரான தாணு பத்மநாபன், பின்னாளில் ஈர்ப்பியலில் உலகம் அறிந்த பெயர்.

1980களில் இந்தியாவில் ஒரு பழைய கோளாறு தெளிவாகத் தெரிந்தது. பணமும் கருவிகளும் தனி ஆராய்ச்சி நிறுவனங்களில் குவிந்திருந்தன, மாணவர்களோ பல்கலைக்கழகங்களில் இருந்தார்கள். அப்போது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) தலைவராக இருந்த யஷ்பால், பல்கலைக்கழகங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் மையங்களை அமைக்கும் திட்டத்தில் வானியலுக்கான மையத்தை நார்லிகரிடம் ஒப்படைத்தார். 1988இல் புனே பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்கிய அந்த மையம்தான் ஐயூகா. 1992 டிசம்பரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபோது உரையாற்ற வந்தவர் நம் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 2003 வரை நார்லிகர் அதன் இயக்குநர்.

ஏதோ ஒரு மாநிலத்துக் கல்லூரியில் வாரம் முழுக்க வகுப்பெடுத்துக்கொண்டிருக்கும் இயற்பியல் ஆசிரியர் ஒருவர் ஐயூகாவின் இணை ஆய்வாளராகத் தேர்வானால், ஆண்டில் சில காலம் அங்கே தங்கி நூலகம், கணினி, சக ஆய்வாளர்கள் எல்லாவற்றையும் பயன்படுத்தித் தம் ஆய்வைத் தொடரலாம். வேலையை விட வேண்டியதில்லை.

அடுத்தது என் பார்வையில் அவருடைய தொழில் வாழ்க்கையிலேயே முக்கியமான விஷயம். தம் கொள்கைக்கு மடம் கட்ட அவர் ஐயூகாவைப் பயன்படுத்தவில்லை. பெருவெடிப்பு மாதிரிக்குள்ளேயே நுண்ணலைப் பின்னணியை ஆராய்ந்த தருண் சௌரதீப் போன்றவர்கள் அங்கேயே வளர்ந்தார்கள். காலவெளியில் பரவும் நுண்ணிய அதிர்வுகளான ஈர்ப்பலைகளைப் பிடிக்க முடியுமா என்றே பலர் சந்தேகித்த நாளில், சஞ்சீவ் துரந்தர் அங்கே அதற்கான தரவு அலசல் முறைகளை உருவாக்கிக்கொண்டிருந்தார். 2015 செப்டம்பரில் அமெரிக்காவின் லைகோ ஆய்வகம் முதல் ஈர்ப்பலையைப் பதிவு செய்தபோது இந்தியப் பெயர்கள் அந்த ஆய்வில் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அறிவியல் பரப்பல்: கதையும் அஞ்சலட்டையும்

1974இல் மராத்தி அறிவியல் பரிஷத் நடத்திய கதைப் போட்டிக்குக் கருந்துளை பற்றிய ஒரு கதை வந்தது. எழுதியவர் நாராயண் விநாயக் ஜக்தாப். முதல் பரிசும் கிடைத்தது. அப்புறம்தான் தெரிந்தது, ஜெ.வி.என். என்ற முதலெழுத்துகளைத் திருப்பிப் போட்டு நார்லிகர் வைத்துக்கொண்ட பெயர் அது. கையெழுத்து தெரிந்துவிடக் கூடாதென்று பிரதியெடுத்துக் கொடுத்தவர் அவர் மனைவி, கணித அறிஞர் மங்களா நார்லிகர். பெயருக்காகப் பரிசு வரக் கூடாது என்பதே நோக்கம். மராத்தியில் அறிவியல் புனைகதை எழுதுபவர்களுக்கு அவர் முன்னோடியானது இப்படித்தான். 2014இல் அவருடைய மராத்தித் தன்வரலாற்றுக்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

கையெழுத்து கேட்டு வரும் பள்ளி மாணவர்களிடம் அவர் ஒரு நிபந்தனை வைப்பார்: அஞ்சலட்டையில் ஒரு அறிவியல் கேள்வி எழுதி அனுப்பு, பதிலோடு கையெழுத்தும் வரும். ஐயூகாவில் பள்ளி மாணவர்களுக்கான சனிக்கிழமை உரைகள் நடந்தன. குப்பையிலிருந்து பொம்மை செய்து அறிவியல் சொல்லித்தரும் அரவிந்த் குப்தா அங்கே சிறுவர் அறிவியல் மையத்தில் பல ஆண்டுகள் இருந்தார். என்.சி.இ.ஆர்.டி.யின் அறிவியல், கணிதப் பாடநூல் ஆலோசனைக் குழுவுக்கும் நார்லிகர் தலைவராக இருந்திருக்கிறார்.

இதிலெல்லாம் இல்லாத கூர்மை ஜோதிடச் சோதனையில் இருந்தது. 2001இல் பல்கலைக்கழகங்களில் ஜோதிடப் பட்டப்படிப்பு தொடங்க யு.ஜி.சி. முன்வந்தபோது எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். எதிர்ப்போடு நிற்காமல், 2008இல் நரேந்திர தாபோல்கர் உள்ளிட்டோரோடு சேர்ந்து மகாராஷ்டிரத்தில் ஒரு சோதனை நடத்தினார்:

1. படிப்பில் சிறந்த 100 பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகள் என்று 200 பேரின் பிறப்பு விவரங்கள் திரட்டப்பட்டு ஜாதகங்கள் கணிக்கப்பட்டன.

2. முன்வந்த ஜோதிடர்களுக்குத் தலைக்கு 40 ஜாதகங்கள் கலந்து அனுப்பப்பட்டன. எது எந்தப் பிள்ளையுடையது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

3. 51 பேர் ஜாதகங்களைக் கேட்டு வாங்கினார்கள். விடை அனுப்பியவர்கள் 27 பேர்.

4. சரியான விடைகளின் சராசரி 46 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டிருந்தால் 50 வந்திருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது சோதனையின் அமைப்பு. ஜோதிடம் பொய் என்று அவர் மேடையில் முழங்கவில்லை. ஜோதிடத்தை ஓர் எண்ணைச் சொல்ல வைத்தார், அந்த எண்ணை அளந்தார். முடிவுகள் 2009இல் 'கரண்ட் சயன்ஸ்' ஆய்விதழில் வந்தன. மூடநம்பிக்கை எதிர்ப்பில் முன்னின்ற தாபோல்கர் 2013 ஆகஸ்டில் புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பழங்கால இந்தியாவில் நவீன அறிவியல் எல்லாமே இருந்தது என்ற பேச்சையும் நார்லிகர் ஆதாரம் கேட்டே எதிர்கொண்டார். சுருங்கி விரியும் அண்டம் யுகக் கணக்கை நிரூபிக்கிறது என்று அவர் பெயரைப் போட்டுப் பரப்புபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஜேம்ஸ் வெப் அவரைச் சரியென்று காட்டிவிட்டதா?

2022இலிருந்து ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, பெருவெடிப்புக்குப் பின் சில பத்துக் கோடி ஆண்டுகளிலேயே எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமான விண்மீன் திரள்கள் இருந்ததைக் காட்டிவருகிறது. உடனே "பெருவெடிப்பு பொய்யானது" என்ற தலைப்புகள், கூடவே நார்லிகரின் படம்.

திரள்கள் எவ்வளவு வேகமாக உருவாயின, அவற்றின் விண்மீன்கள் எப்படிப்பட்டவை என்பதுதான் இங்கே எழுந்திருக்கும் சிக்கல். பின்னணிக் கதிர்வீச்சின் நிறமாலையும், பிளாங்க் அளந்த ஏற்ற இறக்கங்களும் இதனால் ஒரு புள்ளிகூட மாறவில்லை. 1993 கொள்கையை யாராவது திரும்ப எடுப்பதானால் ஜேம்ஸ் வெப் படங்களைக் காட்டினால் போதாது. இரும்பு ஊசிகளைக் கொண்டு அந்த ஏற்ற இறக்கங்களை அதே துல்லியத்தோடு கணக்கிட்டுக் காட்ட வேண்டும். இதுவரை அந்தக் கணக்கு வரவில்லை.